தன்னைத் தானே தாழ்த்தும் மனம்

‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று ஒருவர் நம் முகத்துக்கு நேரே சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. ‘அதைச் சொல்ல நீ யார்?’ என்று கேட்கிறோம். ஆனால் அதே சொல்லை நம் மனமே நம்மைப் பார்த்துச் சொல்லும்போது நாம் எதிர்த்துப் பேசுவதில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறோம். நாள்தோறும் கேட்டுக் கேட்டு, அதை உண்மையென்றே நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை விடுதியில் என் கண்ணெதிரே கண்டேன்.

முதலாண்டில் என் அறையில் தங்கியிருந்த நண்பனைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன், எழுது என்றான். சிற்றூர்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மாணவனாகத் தேறியவன். அவன் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆளும் அவன்தான். இங்கே பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. முதல் செமஸ்டரில் மூன்று தாள்களில் அரியர் விழுந்தது. எங்களில் பலருக்கும் விழுந்தது. நாங்கள் இரண்டு நாள் வருந்திவிட்டு மூன்றாம் நாள் பந்தாடப் போனோம். அவன் போகவில்லை. சில வாரங்களில் வகுப்புக்கும் போகவில்லை. உணவுக்கூடத்துக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு போவான். சில நாள் போகவே மாட்டான். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். நாங்கள் அவனுக்குக் ‘கும்பகர்ணன்’ என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன்.

ஒருநாள் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அறைக்கே வந்து, “என்னப்பா, வகுப்புப் பக்கமே காணோமே, உடம்புக்கு என்ன?” என்று கேட்டார். “உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க சார். நான் எதுக்கும் லாயக்கில்லாதவன், அவ்வளவுதான்” என்றான் அவன். அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. ‘இன்று செவ்வாய்க்கிழமை’ என்று சொல்வதைப் போலச் சொன்னான். அந்தக் குரல்தான் என்னை இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கவைத்தது. படித்தறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தன்மதிப்பு என்பது எது?

ஒருவன் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் மதிப்பீடே தன்மதிப்பு. அது செருக்கன்று. செருக்குடையவன் தன்னைப் பிறரினும் மேலானவனாக நினைக்கிறான். தன்மதிப்பு உடையவன் தன்னையும் ஒரு மனிதனாக மதிக்கிறான். அதுபோலவே பணிவு வேறு, தாழ்வு மனப்பான்மை வேறு. பணிவுடையவனுக்குத் தன் ஆற்றலும் தெரியும், தன் எல்லையும் தெரியும். தாழ்வு மனப்பான்மை உடையவனுக்கோ எல்லை மட்டுமே தெரியும். நம் நாட்டில் அடங்கியிருப்பதைப் பாராட்டும் வழக்கம் உண்டு. அதனால் வகுப்பில் வாய் திறவாமல் கடைசி பெஞ்சில் ஒடுங்கியிருக்கும் மாணவனை ‘நல்ல பையன்’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அவன் பணிவால் ஒடுங்கியிருக்கிறானா, பயத்தால் ஒடுங்கியிருக்கிறானா என்று பார்ப்பதில்லை.

தாழ்வு உணர்ச்சியைப் பற்றி விரிவாக எழுதியவர் ஆல்ஃபிரட் அட்லர். 1870இல் வியன்னாவை அடுத்த ஊரில் பிறந்த இவர், இளமையில் எலும்பு வலுவிழக்கும் நோயால் துன்புற்றவர். பெரியவர்கள் நடுவே வளரும் ஒவ்வொரு குழந்தைக்கும் தான் சிறியவன் என்ற உணர்ச்சி இயல்பாகவே உண்டு. அதுவே முன்னேறத் தூண்டும் விசையாகவும் அமையலாம் என்றார் அவர். அந்த உணர்ச்சி ஒருவனை முடக்கிப் போடும்போதுதான் அது நோயின் தன்மையை அடைகிறது.

அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் தன்மதிப்பை ஒரு பின்னக் கணக்காகக் காட்டினார். மேலே நாம் அடைந்த வெற்றி. கீழே நாம் அடைய வேண்டுமென்று எண்ணியிருப்பது. மேலே உள்ள எண் பெருகினாலும் தன்மதிப்பு உயரும். கீழே உள்ள எண் குறைந்தாலும் உயரும். என் நண்பனின் கணக்கில் கீழே இருந்த எண் அவனுடையது மட்டுமன்று. தந்தையின் கடன், தங்கையின் திருமணம், ஊராரின் பேச்சு எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. அவ்வளவு பெரிய எண்ணுக்கு மேலே மூன்று அரியரை வைத்தால் விடை என்ன வரும்?

மனச்சோர்வு வெறும் வருத்தம் அன்று

தேர்வில் தவறினால் வருந்துவது இயற்கை. நெருங்கியவர் மறைந்தால் அழுவது இயற்கை. மனச்சோர்வு நோய் அவற்றினும் வேறானது. மனநல மருத்துவர்கள் பொதுவாக 9 அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். இடைவிடாத மனவாட்டம், எதிலும் நாட்டமின்மை, பசியிலோ உடல் எடையிலோ மாற்றம், உறக்கக் கேடு, உடலியக்கம் மந்தமாதல் அல்லது நிலைகொள்ளாமை, களைப்பு, தான் பயனற்றவன் என்ற எண்ணம் அல்லது அளவு மீறிய குற்ற உணர்ச்சி, கவனம் சிதறுதல், சாவைப் பற்றிய நினைவு ஆகியவை அவை. இவற்றுள் முதலிரண்டில் ஒன்றாவது சேர, 5 அறிகுறிகளேனும் 2 வாரத்துக்குக் குறையாமல் நீடித்து அன்றாட வாழ்வைக் கெடுத்தால், அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை.

‘தான் பயனற்றவன் என்ற எண்ணம்’ இப்பட்டியலிலேயே இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். காய்ச்சலில் உடம்பு சுடுவதைப் போல, மனச்சோர்வில் தன்மதிப்பு சரிகிறது. சிக்மண்ட் ஃபிராய்டு 1917இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். துக்கத்தில் இருப்பவனுக்கு உலகம் வெறுமையாகத் தோன்றுகிறது. மனச்சோர்வில் இருப்பவனுக்குத் தானே வெறுமையாகத் தோன்றுகிறான் என்பது அவர் கருத்தின் சாரம்.

பிலடெல்பியாவில் ஒரு மருத்துவர்

ஃபிராய்டின் வழியில் பயின்றவர் ஆரன் பெக் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர். பிறர்மீது எழும் கோபம் உள்நோக்கித் திரும்பித் தன்னையே தாக்குவதுதான் மனச்சோர்வு என்பது அன்றைய கொள்கை. அது சரியானால் நோயாளிகளின் கனவுகளில் கோபமும் பகையும் தெரிய வேண்டுமல்லவா? பிலடெல்பியாவில் பெக் அதைச் சோதித்துப் பார்த்தார். அவர் கண்டது வேறு. கனவுகளில் தோல்வியும் இழப்பும் புறக்கணிப்பும் நிறைந்திருந்தன. விழித்திருக்கும்போது அவர்கள் தம்மைப் பற்றி எப்படி நினைத்தார்களோ, அப்படியே கனவிலும் தோற்றவர்களாக இருந்தார்கள்.

இதிலிருந்து பெக் ஒரு முடிவுக்கு வந்தார். மனச்சோர்வுற்றவரின் எண்ணங்கள் மூன்று திசைகளிலும் இருண்டிருக்கின்றன. தன்னைப் பற்றி, ‘நான் பயனற்றவன்’. உலகத்தைப் பற்றி, ‘யாரும் என்னை விரும்புவதில்லை’. எதிர்காலத்தைப் பற்றி, ‘இனி எதுவும் மாறாது’. இவ்வெண்ணங்கள் அழைக்காமலே தோன்றுகின்றன. நொடியில் தோன்றி மறைவதால் அவற்றை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இதை அடிப்படையாகக் கொண்டு எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்க்கும் சிகிச்சை முறையொன்றை அவர் வகுத்தார். 100 ஆண்டு வாழ்ந்து 2021இல் அவர் மறைந்தார். அவர் வகுத்த முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது.

தோல்விக்கு நாம் கற்பிக்கும் காரணமும் இங்கே முக்கியமானது. மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்ந்தோரும் 1978இல் இதை விளக்கினார்கள். ‘இந்தத் தாள் கடினமாக இருந்தது, நான் போதிய அளவு எழுதிப் பார்க்கவில்லை’ என்பவன் மறுமுறை எழுதிப் பார்ப்பான். ‘குறை என்னிடம்தான், அது என்றைக்கும் மாறாது, எல்லாவற்றிலும் நான் இப்படித்தான்’ என்பவன் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். ‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்ற பழமொழியை மட்டும் மனம் பிடித்துக்கொள்கிறது. ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்று அதே மக்கள் சொல்லிவைத்ததை மறந்துவிடுகிறது.

எது முன்னே, எது பின்னே?

இங்கே ஓர் ஐயம் எழலாம். தன்மதிப்புக் குறைவதால் மனச்சோர்வு வருகிறதா? மனச்சோர்வு வருவதால் தன்மதிப்புக் குறைகிறதா? விதையா மரமா என்பது போன்ற கேள்விதான். ஆனாலும் இதற்கு ஓரளவு விடை கிடைத்திருக்கிறது.

தன்மதிப்பை அளக்க ஒரு கருவி வேண்டும். மாரிஸ் ரோசன்பர்க் 1965இல் 10 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். பாதிக் கூற்றுகள் தன்னை உயர்வாகவும் பாதி தாழ்வாகவும் பேசும். ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஏற்கிறோம் என்று குறித்தால் போதும். நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் 5,000 பேருக்கு மேல் அவருடைய ஆய்வில் பங்குபெற்றார்கள். இன்றும் உலகில் மிகுதியாகப் பயன்படும் தன்மதிப்பு அளவுகோல் இதுதான்.

ஒரே மனிதரை ஒருமுறை அளந்தால் முன்பின் தெரியாது. பல மாதமோ பல ஆண்டோ தொடர்ந்து அளக்க வேண்டும். அவ்வாறு செய்யப்பட்ட 77 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிச் சோவிஸ்லோ, ஓர்த் என்னும் இரு ஆய்வாளர்கள் 2013இல் முடிவு வெளியிட்டார்கள். இரு திசையிலும் தொடர்பு உண்டு. ஆனால் குறைந்த தன்மதிப்பு பின்னாளில் மனச்சோர்வைக் கூட்டும் வலிமை, மனச்சோர்வு பின்னாளில் தன்மதிப்பைக் குறைக்கும் வலிமையைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

இதை நாம் அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். அந்த வலிமை பெரியதன்று. தன்மதிப்புக் குறைந்தவர் எல்லாரும் மனச்சோர்வு அடைவதில்லை. மனச்சோர்வு அடைந்தவர் எல்லாரும் முன்பு தன்மதிப்புக் குறைந்தவர் அல்லர். பரம்பரைக்கும் உடல்நிலைக்கும் இதில் பங்குண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே வாட்டம் தோன்றலாம். ஆகவே தன்மதிப்புக் குறைவை விதை என்பதைவிட ஈரமான நிலம் என்பது பொருந்தும். விதை வேறெங்கிருந்தும் வந்து விழலாம். நிலம் ஈரமாயிருந்தால் முளைக்கும். முளைத்தபின் அதன் நிழல் நிலத்தை மேலும் ஈரமாக்கும். சோர்ந்தவன் வேலை செய்வதில்லை. வேலை செய்யாததால் தோற்கிறான். தோற்றதால் ‘நான் சொன்னது சரிதானே’ என்கிறான். செக்குமாடுபோல் ஒரே வட்டத்தில் சுற்றுகிறான்.

காம்பர்வெல் காட்டும் பாடம்

இது தனிமனிதனின் மனத்துக்குள் மட்டும் நடப்பதன்று. லண்டன் மாநகரின் காம்பர்வெல் பகுதியில் வாழ்ந்த பெண்களை ஜார்ஜ் பிரௌன், டிரில் ஹாரிஸ் ஆகிய இருவர் ஆராய்ந்து 1978இல் நூல் வெளியிட்டனர். மனச்சோர்வு அடைந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர், அதற்குமுன் கடுமையான இழப்பையோ நீண்ட துன்பத்தையோ சந்தித்திருந்தார்கள். ஆனால் அத்தகைய துன்பத்தைச் சந்தித்தவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே மனச்சோர்வுக்கு ஆளானார். மற்ற நால்வரைத் தாங்கியது எது?

மனம்விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாமை, வீட்டுக்கு வெளியே வேலை இல்லாமை, 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளை வீட்டில் வைத்துப் பராமரித்தல், 11 வயதுக்குள் தாயை இழந்திருத்தல் ஆகியவை ஒரு பெண்ணின் தாங்கும் சக்தியைக் குறைத்தன என்று அவர்கள் கண்டார்கள். இவை நான்கும் தன்மதிப்பை அரித்துவிடுகின்றன; அதனால்தான் இழப்பு வரும்போது அவள் நம்பிக்கையற்றுப் போகிறாள் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

தன்மதிப்பு என்பது ஒருவன் தனியே உட்கார்ந்து தயாரித்துக்கொள்ளும் பொருளன்று என்பது இதிலிருந்து விளங்குகிறது. அதைச் சமூகம் தருகிறது. சமூகம் பறிக்கவும் செய்கிறது. தமிழ்நாட்டில் 1925இல் தோன்றிய ஓர் இயக்கம் ‘சுயமரியாதை’ என்ற சொல்லையே தன் பெயராகக் கொண்டதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பிறப்பைக் காட்டித் ‘தாழ்ந்தவன்’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவனுக்கு, முதலில் மீட்டுத் தரவேண்டியது தன்மீது தனக்குள்ள மதிப்பு என்பதை அவ்வியக்கத்தார் உணர்ந்திருந்தனர். வகுப்பறையில் ஒருவனின் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு எழும் சிரிப்பும், பட்டப்பெயரும், ‘உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு’ என்ற ஒரு வாக்கியமும் அதே பறித்தலைச் சிறிய அளவில் செய்கின்றன. நாங்கள் ‘கும்பகர்ணன்’ என்றபோது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினோம் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

புகழ்ச்சி மருந்தாகுமா?

அப்படியானால் ‘நான் சிறந்தவன், நான் வல்லவன்’ என்று தினமும் கண்ணாடிமுன் நின்று சொல்லிக்கொண்டால் தீர்ந்துவிடுமா? சொற்பொழிவாளர் சிலர் இவ்வழியைக் கூறுவதுண்டு. கனடா நாட்டில் ஜோவான் வுட் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. தம்மை விரும்பத்தக்கவர் என்று திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தபோது, தன்மதிப்பு மிகுந்தவர்கள் சிறிதளவு பயனடைந்தார்கள். தன்மதிப்புக் குறைந்தவர்களின் மனநிலையோ முன்னினும் தாழ்ந்தது. காரணம் எளிது. நம்பாத ஒன்றைச் சொல்லும்போது மனம் உடனே எதிர்வாதம் செய்கிறது. பசித்தவனிடம் ‘உன் வயிறு நிறைந்திருக்கிறது’ என்று சொல்வதால் பசி தீருமா?

பெக் கையாண்ட முறை வேறு. அவர் நோயாளியைப் புகழவில்லை, சான்று கேட்டார். ‘எதற்கும் லாயக்கில்லை என்கிறாயே, எதையெதைச் செய்து பார்த்தாய்? இதே நிலையில் உன் நண்பன் இருந்தால் அவனிடமும் இப்படித்தான் சொல்வாயா?’ என்ற முறையில் கேள்விகள் அமையும். நாளின் ஒவ்வொரு மணி நேரத்திலும் செய்த வேலையை எழுதி, அதில் எவ்வளவு தேர்ச்சி, எவ்வளவு மகிழ்ச்சி என்று மதிப்பெண் போடச் செய்வதும் உண்டு. ‘இன்று நான் ஒன்றுமே செய்யவில்லை’ என்பவர், குளித்ததையும் துணி துவைத்ததையும் கடிதத்துக்குப் பதில் எழுதியதையும் தாளில் பார்க்கிறார். மனம் சொன்ன தீர்ப்புக்கு எதிராகத் தாளில் ஒரு சாட்சி நிற்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, இது சோம்பேறித்தனமோ திமிரோ அன்று, நோயாக இருக்கலாம் என்று ஐயுறுதல். நன்றாகப் பேசிச் சிரித்தவன் இரண்டு வாரமாக ஒதுங்கியிருந்தால் அருகில் போய் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம், ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பதே பெரிது. காம்பர்வெல் கண்ட பாடமும் இதுதான்: மனம்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாவது, செத்துவிடலாம் என்று ஒருவன் பேசினால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘அப்படி நினைக்கிறாயா?’ என்று நேரே கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. பேசும் வாயில்தான் திறக்கும். அவனைத் தனியே விடாமல் பெரியவர்களிடமும் மருத்துவரிடமும் சேர்க்க வேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது, மருத்துவரிடம் போவதற்கு நாணக் கூடாது. அரசு நடத்தும் நிலையங்களில் மனநல மருத்துவம் பெறுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நமக்கு உரிமையாகவே தந்திருக்கிறது. மருந்து தந்தால் அது வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் பயனில்லை என்று நிறுத்திவிடலாகாது.

நான்காவது வேண்டுகோள் எங்கள் பேராசிரியப் பெருமக்களுக்கு. விடைத்தாளைத் திருப்பித் தரும்போது, ‘நீ தேறமாட்டாய்’ என்பதற்கும் ‘இந்த விடை தேறாது, மறுபடி எழுதிக்கொண்டு வா’ என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. முன்னது ஆளைத் தீர்ப்பிடுகிறது. பின்னது வேலையைத் திருத்துகிறது.

என் நண்பனை அந்த விரிவுரையாளரும் நானும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். பேருந்தில் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மருந்து தந்தார்கள், வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார்கள். ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மாலை, “இன்னைக்கு என்ன குழம்பு?” என்று கேட்டான். அன்று அவன் எங்களோடு வரிசையில் நின்று சாப்பிட்டான். மூன்று அரியரில் இரண்டை முடித்துவிட்டான், ஒன்று மீதியிருக்கிறது. “அது ஒரு தாளோட பெயில்தாண்டா, நான் பெயில் இல்ல” என்று இப்போது அவனே சொல்கிறான்.

நண்பர்களே! மனம் நம்மைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையல்ல. சோர்ந்த மனம் சொல்வது பெரும்பாலும் உண்மையல்ல. பிறர் நம்மை இகழ்ந்தால் ‘அதைச் சொல்ல நீ யார்?’ என்று கேட்கிறோமே, அதே கேள்வியை நம் மனத்திடமும் கேட்கப் பழகுவோம். கேட்கும் வலுவில்லாமல் பக்கத்துக் கட்டிலில் ஒருவன் படுத்திருந்தால், அவனுக்காக நாம் கேட்போம்.